பால் காய்ச்சுவதற்கு முன்பு குடியிருந்தவர்கள்

பதினான்கு வயது வரை முன்கதவு போட்ட வீட்டில் நான் குடியிருந்ததில்லை. கதவு வந்து சேர்கிற வாரத்தில் நாங்கள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம்.

அப்பா மேசன். கண்டியைச் சுற்றி எங்கே வீடு கட்டினாலும், பகலில் கல் வைப்பதோடு இரவில் சீமெந்தையும் கம்பியையும் காவல் காக்கிற பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வார். அதனால் குடும்பத்தோடு அங்கேயே தங்கிக்கொள்ளலாம். அத்திவாரம் வெட்டும்போது தகரக் கொட்டகை, கூரை ஏறியதும் ஏதாவது ஓர் அறை. அம்மாவுக்கும் அங்கேயே வேலை இருந்தது. மணல் சலிப்பார், கல் நனைப்பார், புதுச்சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார். "செவுத்துக்குத் தாகம் எடுக்கும்" என்று சொல்லிவிட்டு எங்களுக்குத் தேநீர் வைப்பதற்கு முன்பே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

இதையெல்லாம் என் மகளிடம் சொல்லும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. போன மாத மழையில் எங்கள் வீட்டின் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து சமையலறையை மூடிவிட்டது. அவள் அங்கே தண்ணீர் குடித்துவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் அது நடந்தது. பார்க்க வந்த அதிகாரிகள் இனி அங்கே இருக்க வேண்டாம் என்றார்கள். இப்போது கெலிஓயாவில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பத்து வயதுக்காரி பயத்தைப் பழைய வீட்டோடு விட்டுவிட்டு வந்துவிட்டாள். நான்தான் மழை இரைந்தால் எழுந்துபோய்ச் சுவரைத் தடவிப் பார்க்கிறேன்.

"அம்மா, செவுரு என்ன சொல்லுது?" என்று கேலி செய்கிறாள்.

ஒரு நாள், நீங்கள் சின்ன வயதில் எந்த வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்டாள். எந்த வீட்டைச் சொல்வது? முதலில் எங்கள் மாடிக்குளத்தைச் சொன்னேன்.

மேல்தட்டுக்குக் கொங்கிரீட் போட்டால், அது வெடிக்காமல் இறுக வேண்டுமென்று ஓரமெல்லாம் மண்ணால் சின்ன வரம்பு கட்டி, நடுவே தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஏணியில் ஏறினால், வானத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு குளம். நானும் தங்கச்சியும் அதில் மல்லாந்து கிடந்து ஹந்தானை மலையைப் பார்ப்போம். கீழே அப்பா, வரம்பை உடைத்தால் தோலை உரிப்பேன் என்று கத்துவார். கத்திவிட்டு, வேலை முடிந்ததும் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் வந்து காலை நனைத்துக்கொண்டு நிற்பார். முதலாளிமார் குடிவந்த பிறகு அந்தக் குளம் எந்த வீட்டிலும் இருக்காது. அவர்களுக்காக நாங்கள் பரிதாபப்பட்டோம்.

நான் மகளுக்கு விரிவாகச் சொன்னது தெல்தெனிய வீதியில் கட்டிய வீட்டின் கதையை. கண்டி நகரத்தில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவரின் வீடு அது. அவருடைய தம்பி நாவலப்பிட்டியில் மாடிவீடு கட்டப்போவதாகப் பேச்சு. முதலாளி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அந்த வேலை அப்பாவுக்குக் கிடைக்கும். இரண்டு வருட வேலை. என்னை இரண்டு வருடமாவது ஒரே பள்ளிக்கூடத்தில் வைத்துப் படிக்கவைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை. ஒவ்வொரு முறையும் புது வகுப்பில் நான் கடைசி வாங்கில் போய் உட்காருவதை அவர் பார்த்திருக்கிறார்.

முதலாளியின் மனைவி தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எங்கள் சமையல் வெளியே கொட்டகையில்தான். வீட்டு அடுப்பில் முதல் நெருப்பு அவர் கையால், பால் காய்ச்சுகிற நாளில்தான் எரிய வேண்டும். அம்மாவும் தலையாட்டினார். பிறகு மழை தொடங்கியது. கொட்டகைக்குள் தண்ணீர் நின்று மண் அடுப்பு கரைந்து போனது. இரண்டு நாள் கடையில் வாங்கிய பாணும் சீனியும் தின்றோம். மூன்றாம் நாள் அம்மா சட்டி பானையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அப்பா வாசலில் நின்று இது சரியில்லை என்றார். சோறு வடித்த வாசனை வந்ததும் அடுப்புக்குப் பக்கத்தில் போய் முதல் ஆளாக உட்கார்ந்தவரும் அவர்தான். அவரே கட்டிய அடுப்பு. எவ்வளவு அழகாக எரிகிறது என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பால் காய்ச்ச நாள் குறித்ததும் வீட்டில் கலவரம். அம்மா கரியைச் சுரண்டினார், அப்பா சுண்ணாம்பு அடித்தார், தரைக்குச் சிவப்புப் பொலிஷ் போட்டோம். பார்வைக்கு நெருப்பையே காணாத அடுப்பாகிவிட்டது. ஆனால் கருவாட்டு வாசனை போகவில்லை. முதலாளி வீட்டில் மரக்கறி மட்டும்தான் என்று வேறு கேள்வி. அம்மா மாலை முழுவதும் சாம்பிராணி போட்டார்.

"ஊருலகத்துல கருவாட்டுக்குச் சாம்பிராணி போட்டது நீ ஒருத்திதான்" என்றார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நகரத்திலிருந்து உறவினர்கள் இரண்டு வான் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். முதலாளி அம்மா பட்டுச்சேலையில், மஞ்சள் பூசிய புதுப்பானையோடு அடுப்புக்கு முன்னால் நின்றார். நாங்கள் அடுப்படி வாசலில். விறகு ஈரம். பற்றவைத்ததும் புகை மேலே போகாமல் திரும்பி வந்து எல்லோரையும் சூழ்ந்துகொண்டது. இருமல், கண்ணீர், சகுனம் சரியில்லை என்று யாரோ முணுமுணுப்பு. அப்போது நாலு வயதுத் தங்கச்சி அம்மாவின் கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

"அந்தச் சின்ன ஜன்னலத் தொறந்தாத்தான் பொக போகும். எங்கம்மா அப்படித்தான் ஆக்குவாங்க."

உறவினர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்தார். அப்பாவின் முகம் அவர் அடித்த சுண்ணாம்பு போலவே இருந்தது. நாவலப்பிட்டி வேலை கைவிட்டுப் போய்விட்டது என்று எனக்கே விளங்கியது.

முதலாளி அம்மா திரும்பாமலே கையை நீட்டி ஜன்னலைத் திறந்தார். "நாந்தான் ஆக்கச் சொன்னேன்" என்றார். "புது அடுப்பு. எரிச்சுப் பாக்காம எப்படிப் பால் வைக்கிறது?"

புகை போனது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

கதையை இந்த இடத்தில் நிறுத்தி மகள் கேட்டாள்: "சித்திக்கு அடி விழுந்துச்சா?"

அடி விழவில்லை. அவளுக்கு ஆளாளுக்கு வடை கொடுத்தார்கள். எல்லாவற்றையும் தின்றுவிட்டு, வந்திருந்த ஒருவரின் மடியிலேயே தூங்கிப்போனாள். அடிக்குக் காத்திருந்தவர் அம்மாதான். விருந்தினர்கள் சாப்பிட்டு முடித்ததும் முதலாளி அம்மா அவரைப் பின்பக்கம் கூப்பிட்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

"எப்ப இருந்து ஆக்குற?"

"மழை தொடங்கினதுல இருந்துங்கம்மா. கொட்டகையில தண்ணி நின்னுருச்சு. புள்ளைங்களுக்குச் சுடுசோறு குடுக்கணும்ல."

"கருவாடுமா?"

"ஒரு தடவ" என்றார் அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவுக்கு இருமல் வந்தது.

முதலாளி அம்மா அடுத்துக் கேட்டதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத்தன வருசமா கடைக்கு மேல, பஸ் சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டேன். இங்க ஒரு சத்தமும் இல்ல. பின்னால காடு. எனக்குப் பயமா இருக்கு புள்ள. நீங்க எப்படி இருந்தீங்க?"

அம்மா உண்மையாகவே யோசித்தார். "நாங்க கதவே இல்லாம இருந்தோம்மா. உங்களுக்குத்தான் கதவு இருக்கே."

முதலாளி அம்மா ஒரு கணம் முழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அம்மாவுக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. காலையில் புகை வரவழைத்ததைவிட அதிகக் கண்ணீர் இரண்டு பேருக்கும் அப்போது வந்தது.

"கொழுந்தனார் வீட்டுல உள்ளுக்கே ஆக்கு. அங்க நான் சொல்லிக்கிறேன்" என்றார் கடைசியில்.

கெலிஓயா வீட்டில் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். பின்னால் மேடு இல்லை. மகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் அம்மாவுக்குப் பயம் இருந்திருக்காதா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். இருந்திருக்கும். காட்டோரத்தில், ஜன்னலில் சீமெந்துப் பை கட்டிய அறையில் இரண்டு பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு படுத்தவர். ஆனால் எனக்கு அவர் பயம் எதுவும் வந்து சேரவில்லை. குளம்தான் வந்து சேர்ந்தது. நான் என் மகளுக்கு என்ன கொடுக்கிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நாவலப்பிட்டியில் நாங்கள் போய் இறங்கியபோது அந்த வீட்டுக்குச் சுவர் இடுப்பளவுதான் வந்திருந்தது. மழைக்குப் பேர்போன ஊர். ஆனாலும் அம்மா கொட்டகைக்குப் போகவில்லை. அடுப்படி வரப்போகிற மூலையை அப்பாவிடம் காட்டச் சொல்லி, அங்கே மூன்று கல்லை வைத்தார். நாமும் ஒரு தடவை பால் காய்ச்சிப் பார்ப்போம் என்றார். அப்பா பக்கத்துக் கடையில் பால் வாங்கி வந்தார். பற்றவைத்ததும் தூறல் தொடங்கியது. அப்பா குடையை விரித்து அடுப்புக்கு மேலே பிடித்தார். அம்மா நனைந்தார், நாங்களும் நனைந்தோம். பால் மட்டும் நனையவில்லை.

"கடைக்காரன் ஊத்துன தண்ணியே போதும்னு குடை புடிக்கிறேன்" என்றார் அப்பா.

"பேசாம புடிங்க" என்றார் அம்மா.

பால் விளிம்புக்கு ஏறியது. தங்கச்சி கூவினாள். அப்பா இரண்டு கையையும் தட்டினார், குடை அடுப்பிலேயே விழுந்தது. நெருப்பு சீறி அணைந்தது. பால் எந்தத் திசையில் பொங்கியது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அம்மா பானையைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்று, யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டார்.