ஏசி குமிழில் தொங்கிய சிவப்பு அட்டை

எங்கள் ஜி.எம். காரின் ஏசி குமிழில் ஒரு சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ‘இயக்காதே’ என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த அட்டை. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஒருவர் மெஷினுக்குள் கையை விட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக மாட்டுவது. மாட்டியவரின் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். அவரைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது. உயிரைக் காப்பாற்ற வந்த அட்டையை ஒரு நல்ல காரின் நல்ல ஏசிக்கு மாட்டிவைத்த மேதை உலகத்திலேயே எங்கள் ஜி.எம். ஒருவராகத்தான் இருக்க முடியும்.

அப்போது நான் அந்தக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடாதவனைப் பிடிப்பது, தரையில் எண்ணெய் சிந்தினால் கூச்சல் போடுவது, மாதம் ஒரு முறை எல்லோரையும் வெயிலில் நிற்கவைத்து உறுதிமொழி வாசிக்க வைப்பது, இவைதான் என் வேலை. ஜி.எம்.முக்குக் கிருஷ்ணகிரியில் வீடு. எனக்கும் அங்கேதான். அதனால் தினமும் காலையில் அவர் காரிலேயே ஓசூர் வரை போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் முன் சீட்டில், நான் பின்னால். ஓட்டியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சிங்காரப்பேட்டைக்காரர், ஐம்பது வயது, டிராவல்ஸ் காண்டிராக்டில் வந்தவர். இருபது வருஷ ஓட்டத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று சொல்வார். அது உண்மை.

மார்கழியில் சூளகிரி நெருங்கும்போது வெளியே வெள்ளையாகப் பனி இறங்கியிருக்கும். ஜி.எம்.முக்குச் சைனஸ். ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்று ஆகாது. வெளிக்காற்று உள்ளே வரும் வழியையும் மூட வேண்டும், லாரிப் புகை ஆகாது. ஏசியோ அறவே ஆகாது. “பனிக்காலத்துல எவனாவது ஏசி போடுவானாய்யா? ஏசிங்கிறது வெயில் காலத்துக்கு” என்பார். எம்.டெக். படித்தவர். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும் என்பது சோற்றுப் பானைக்கு மூடி போடத் தெரிந்த எவருக்கும் தெரிந்த விஷயம். ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்பது பாய்க்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாலாயிரம் பேரை வைத்து ஆலை நடத்தியவருக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல் அவர் செய்த காரியம்தான் இன்னும் அழகு. காரிலேயே மூச்சுப் பயிற்சி செய்வார். குருபரப்பள்ளி தாண்டியதும் சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணை மூடி, புஸ் புஸ் என்று நூறு தடவை ஊதுவார். ஊதிய மூச்செல்லாம் நேராக முன் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அது முடிந்ததும் பிளாஸ்கைத் திறந்து ஆவி பறக்கக் காபி. அவர் கண்ணைத் திறக்கும்போது எங்களுக்கு ரோடு தெரியாது. பாய் இடது கையால் பனியன் வேஸ்ட் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டுவார். துடைத்த இடம் கோடு கோடாகத் தெரியும், இரண்டு நிமிஷத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். ஷாம்பு தேய்த்துப் பார்த்தார், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்துப் பார்த்தார். ஒரு வாரம் காருக்குள் மசாலா தோசைக் கடை வாசனை.

ஒரு நாள் பாய் தாங்கமுடியாமல் ஏசியைப் போட்டுவிட்டார். கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கே மூச்சு வந்தது போல இருந்தது. ஜி.எம். பயிற்சியை நிறுத்திக் கண்ணைத் திறந்தார்.

“யாரைக் கேட்டு போட்டே?”

“ஒரு நிமிசம்ங்க சார். கண்ணாடி தெளிஞ்சதும் நிறுத்திடறேங்க. ரோடே தெரியலைங்க.”

“துடைக்கத்தானே துணி வெச்சிருக்கே?”

அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, அந்த சிவப்பு அட்டை ஒன்று வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டிருக்கலாம். சொன்ன பிறகாவது, சார் இது தப்பு என்றிருக்கலாம். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. அட்டையை எடுத்து வந்து, முறைப்படி என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டு, நானே குமிழில் கட்டினேன். “சேஃப்டி ஆபீசரே மாட்டியிருக்காரு, இனி எவன் கை வைக்கிறான்னு பாக்கறேன்” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பாய் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் வாரம் அது நடந்தது. சூளகிரி தாண்டி, ஹைவேயிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் இடம். இடப்பக்கக் கண்ணாடி சுத்தமாக மூடியிருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்து புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தவர் ஜி.எம். பாய் முன் கண்ணாடியைத் துடைத்தபடி மெதுவாகத்தான் திருப்பினார். ஒரு தட்டு, பிறகு ஒரு அலறல். கொத்தமல்லிக் கட்டு ஏற்றிக்கொண்டு மொபெட்டில் சந்தைக்குப் போன விவசாயி ஒருவர் கீழே கிடந்தார். ரோடெல்லாம் கொத்தமல்லி. கணுக்கால் திரும்பிக் கிடந்தது. பாய் ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “ஏமி காது அண்ணா, பயபடொத்து” என்று, ஒன்றும் ஆகாது, பயப்படாதே என்பதைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜி.எம். இறங்கவில்லை. வெளியே குளிர். ஜன்னலை இரண்டு விரல் இறக்கி, “சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு வாய்யா, ஒன்பதரைக்கு மீட்டிங் இருக்கு” என்றார். அந்த விவசாயிக்குக் கால் கூடியது. ஆனால் விந்தி விந்தித்தான் நடந்தார்.

தலைமை அலுவலகம் அறிக்கை கேட்டது. எங்கள் கம்பெனியில் விபத்து நடந்தால் ‘ஐந்து ஏன்’ எழுத வேண்டும். ஏன் நடந்தது என்று கேட்டு, வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்டு, ஐந்தாவது ஏனில் மூலக் காரணத்தைப் பிடிக்க வேண்டும். அதை நான்தான் எல்லோருக்கும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தவன். உட்கார்ந்து எழுதினேன். ஏன் மோதியது? மொபெட் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? கண்ணாடியில் உள்ளே நீர் கோத்திருந்தது. ஏன் கோத்தது? ஏசி போடவில்லை. ஏன் போடவில்லை? குமிழில் அட்டை தொங்கியது. ஏன் தொங்கியது? ஐந்தாவது கட்டத்தில் ஜி.எம். இருந்தார், அவர் பக்கத்தில் என் கையெழுத்தோடு நானும் இருந்தேன்.

ஜி.எம். அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. “இப்படி அனுப்பினா ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது” என்றார், அவ்வளவுதான். நான் திரும்பி வந்து, முதலில் காரிலிருந்த அட்டையைக் கழற்றிக் கிழித்தேன். பிறகு புதிதாக எழுதினேன். ஏன் தெரியவில்லை? ஓட்டுநர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஏன் துடைக்கவில்லை? கவனக்குறைவு. அதற்கு மேல் இரண்டு ஏனுக்குப் பயிற்சி போதாது, கண்காணிப்பு போதாது என்று வழக்கமான புளுகு.

அறிக்கையில் ஓட்டுநரின் கையெழுத்தும் வேண்டும். பாய்க்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. என் மேஜை எதிரில் நின்றுகொண்டே கேட்டார்.

“என்னங்க சார் எழுதியிருக்குது?”

“கண்ணாடி மூடிப்போச்சு, அதனால ரோடு தெரியலைன்னு எழுதியிருக்கு பாய்.”

“ஏசி விசயம்ங்க?”

“அதுவும்தான் இருக்கு.”

நீங்க சொன்னா சரிங்க சார் என்று சொல்லி, தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நாலாவது நாள் காண்டிராக்டர் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கவனக்குறைவால் விபத்து என்று கம்பெனித் தாளில் ஏறியவரை ஓசூரில் வேறு எந்தக் காண்டிராக்டரும் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஜி.எம். ஓய்வு பெற்றுப் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார். பாதுகாப்பு வார விழாக்களுக்குத் தலைமை தாங்கப் போய்வருகிறாராம். மாலையும் சால்வையுமாகப் படங்கள் வாட்ஸப்பில் வருகின்றன. பார்த்துவிட்டு நானும் ஒரு கும்பிடு போட்டுவிடுவேன். நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை.

போன ஐப்பசியில் பர்கூரில் ஒரு வேலையாகப் போய், அடைமழையில் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றேன். ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. “சார், ஏறுங்க, கிருஷ்ணகிரிதான் போறேன்” என்ற குரலைக் கேட்டதும் உடம்பு கூசியது. தாடி முழுக்க வெளுத்துப்போன பாய். ஓடவும் முடியாது. பிள்ளைகளை இறக்கிவிட்ட வேனில் முன்னால் உட்கார்ந்தேன். கிளீனராக இருந்த அம்மாளிடம் பாய் என்னைக் காட்டி, “இந்த சார் யாரு தெரியுமா? அவ்வளவு பெரிய ஜி.எம்.முக்கு எதிரா எனக்காக உண்மைய எழுதுனவரு. அந்த ஆளுதான் அதை மேல போகவுடாம அழுத்திப்புட்டான்” என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

இத்தனை வருஷமாக அந்த மனிதர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். வாயைத் திறந்து சொல்ல அரை மணி நேரம் இருந்தது. மழையைப் பற்றிப் பேசினேன், மாங்காய் விளைச்சலைப் பற்றிப் பேசினேன். டோல்கேட் தாண்டியதும் பாய் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

“எனக்காக எழுதுனதால உங்களுக்கு எதுவும் தொந்தரவு வந்துச்சுங்களா சார்? ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு.”

“கொஞ்சம் வந்துச்சு பாய்” என்றேன்.

பாய் வருத்தத்தோடு உச்சுக் கொட்டினார்.