யாரும் கேட்காத கிட்னி

அந்தப் பௌர்ணமிக்கு முந்தின நாளே எனக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. கூடவே குளிர்ஜுரம். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்னக் கடை. தண்ணீர் பாட்டில், மோர், லெமன் சோடா. பௌர்ணமி வியாபாரத்தை விட்டால் மாதம் முழுக்க ஈயோட்ட வேண்டியதுதான். அதனால் படுக்கவில்லை. உடம்பு வலிக்கு வீட்டுக்காரர் மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தந்தார். போட்டுக்கொண்டு நின்றேன். வலி திரும்ப வர வர, மறுபடியும் போட்டேன். கூட்டம் கலைந்த காலையில், டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டவள் அப்படியே சரிந்தேன்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தபோது கழுத்தில் ஒரு குழாய், கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை. டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். பூசி மெழுகாமல் பேசினார்.

"கிருமி ரத்தத்துல கலந்துடுச்சும்மா. பிரஷர் ரொம்ப இறங்கிடுச்சு. பிரஷர் இல்லன்னா கிட்னிக்கு ரத்தம் போகாது. உடம்புலயும் தண்ணி கம்மி. அதோட அந்த வலி மாத்திரை வேற. கிட்னி இன்னும் கெட்டுப் போகல. போகாம பாத்துக்கறதுதான் இப்ப எங்க வேலை."

அளந்து அளந்து சலைன் ஏற்றினார்கள். பிரஷரைத் தூக்க ஒரு மருந்து ஓடிக்கொண்டே இருந்தது. பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் குனிந்து குனிந்து பார்த்தாள். இறங்கியதோ துளி, கடுங்காப்பி நிறத்தில்.

டாக்டரம்மா என் வீட்டுக்காரரையும் தம்பியையும் உள்ளே கூப்பிட்டார். "மூத்திரம் இறங்கலன்னா டயாலிசிஸ் பண்ண வேண்டி வரலாம். பண்ணாலும் அனேகமா கொஞ்ச நாளைக்குத்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்குக் கண்ணைத் திறக்கத் தெம்பில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது.

"டயாலிசிஸ்னா கடைசில கிட்னி மாத்தணும்னு வந்து நிப்பாங்க மாமா," என்றான் தம்பி.

"யாரு குடுக்கறது? எனக்குத்தான் சுகர் இருக்கே."

அவருக்குச் சுகர் கிடையாது. போன மாதம்தான் முகாமில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்லை என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டார்.

"என்னாலயும் முடியாது மாமா. வீட்ல ஒத்துக்க மாட்டா."

"அதான் சொல்றேன். வேலூர் பெரியாஸ்பத்திரி அது இதுன்னு இழுத்துட்டு அலையாம..." அவர் முடிக்கவில்லை.

தம்பி "ம்" என்றான்.

அவர்களிடம் யாரும் கிட்னி கேட்கவில்லை. டாக்டர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "பாத்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் போதும். தம்பி டைபாய்டில் கிடந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தவள் நான். அதை அவனிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அன்றைக்குச் சொல்லத் தோன்றியது.

மறுநாள் பை நிறைய ஆரம்பித்தது. "அக்கா, நல்லா இறங்குதுக்கா!" என்று அந்த நர்ஸ் பொண்ணு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். என் மூத்திரத்துக்கு முன்பின் தெரியாத ஒருத்தி சந்தோஷப்பட்டாள். பிரஷர் மருந்தைக் குறைத்து, பிறகு நிறுத்தினார்கள். கிட்னி தப்பித்தது. வீட்டுக்காரர் அழுதே விட்டார். "அண்ணாமலையார் காப்பாத்திட்டார்டி," என்று நெற்றியில் விபூதி பூசினார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா சிரித்தார். "கிட்னி நார்மல். இனிமே வலி மாத்திரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க. வயித்தால போனா உடனே வந்துடுங்க."

"இனிமே கிட்னிக்கு ஒண்ணும் வராதில்ல மேடம்?" வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ஜாக்கிரதையா இருந்தா ஏன் வரப்போகுது?"

அவர் நீளமாக மூச்சு விட்டார். அந்த மூச்சு எனக்காகத்தான் என்று நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது, "என்ன, பேசவே மாட்டேங்கற?" என்று கேட்டார்.

"பேச என்ன இருக்கு?" என்றேன்.