நிச்சயமாகும்வரை உரக்கப் பேசுவதில்லை

செய்யாற்றிலிருந்து எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் காபி குடித்தார்கள், வெற்றிலை போட்டார்கள், நன்றாகச் சிரித்துப் பேசினார்கள், போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்து, பெண் கொடுக்க அவர்களுக்கு இஷ்டமில்லை என்றார். காரணம் கேட்டதற்கு முதலில் நெளிந்தார். பிறகு சொன்னார்.

"பையன் கத்தறாராம். பெத்த தாயையே அந்த வெரட்டு வெரட்டறவரு, வர்ற பொண்ண இன்னா பாடு படுத்துவாரோன்னு பயப்படறாங்க."

நான் தாயை விரட்டியது இதுதான்: "அம்மா, அவங்களுக்குத் தண்ணி குடும்மா." வேறு ஒரு சொல் கிடையாது. ஆனால் அதை நான் எப்போதும் பேசுகிற குரலில் சொன்னேன். அங்கேதான் கெட்டது.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அந்த நாளில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. நல்ல காரியம் பேச ஆட்கள் வருகிறார்கள் என்று எங்கள் வீட்டுத் தறியை நிறுத்தினோம். பக்கத்து வீட்டுத் தறியை யார் நிறுத்துவது? நடுவில் ஒரே சுவர். இந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் தொண்டை பெரியதாகத்தான் இருக்கும். அதிலும் என் தாயாருக்கு, தறிக்குப் பக்கத்திலேயே ஆயுசு போனதால், காது முக்கால்வாசி அடைத்துவிட்டது. நான் தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்துகொண்டே, அடுக்களையில் இருக்கும் அவளிடம் கஞ்சி கேட்க வேண்டுமென்றால் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கேட்டால்தான் கஞ்சி வரும். இதை எல்லாம் செய்யாற்றில் துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு யார் விளக்குவது?

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. என் வயதுக்காரர்கள் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனார்கள். தகப்பனார் இல்லை. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காதான் எனக்குப் பெண் தேடும் பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். தரகர் படியிறங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"பொண்ணு தேடறது அப்புறம் இருக்கட்டும். மொதல்ல உன் தொண்டைய சரி பண்ணு. கல்யாணம் பண்ணிக்கறவன் அதுக்கு முன்னாடியே தன்னத் தயார் பண்ணிக்க வேணாமா?"

"நீயும் இதே தெருவுல பொறந்தவதான். உன்ன மட்டும் எப்படிக் கட்டிக்கினாரு மாமா?"

"என்னப் பாக்க வந்தன்னிக்கு நான் வாயே தொறக்கல" என்றாள் அக்கா. அதை அவள் சொன்னது மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை என்னைக் குமரக்கோட்டத்துக்கு இழுத்துப் போனாள். முருகன் சந்நிதியில் கற்பூரம் எரியும்போது, "வேண்டிக்கோ" என்றாள். கல்யாணம் நிச்சயமாகும்வரை உரக்கப் பேசமாட்டேன் அப்பனே என்று வேண்டிக்கொண்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்தது தறியும் சாமியும். தறியிலாவது சில நேரம் ஏனோதானோ என்று உட்கார்ந்திருக்கிறேன். முருகனிடம் விளையாட்டாக எதையும் சொன்னவனில்லை. ஆகவே அந்த வார்த்தையைக் கடைசிவரை காப்பாற்றுவது என்று வீடு திரும்பினேன். எவ்வளவு பெரிய வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டேன் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

கஞ்சி வேண்டும். மெதுவாகக் கேட்டேன். வரவில்லை. இழை ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு, குழியிலிருந்து எழுந்து, பட்டின் மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போய்த் தாயார் காதருகே குனிந்து, "அம்மா, கஞ்சி" என்றேன். அவள் திடுக்கிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள்.

"இன்னாடா திருடன் மாதிரி வந்து நிக்கற?"

அவளுக்கு வேண்டுதலை விளக்க வேண்டும். அதையும் மெதுவாகத்தான் விளக்க வேண்டும். பாதி புரிந்தது போலும். கொஞ்ச நேரத்தில் வாசலில் உட்கார்ந்து எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எம் புள்ளைக்கு இன்னா ஆச்சுன்னே தெரியல. வாய்க்குள்ளியே என்னத் திட்டிக்கினு இருக்கறான்."

ஒரு நாளைக்கு எத்தனை தடவை குழியை விட்டு ஏறி இறங்கினேன் என்று முருகனுக்குத்தான் தெரியும். தண்ணீருக்கு, கஞ்சிக்கு, யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்வதற்கு. முழங்கால் வலித்தது, நெசவு பின்தங்கியது. இத்தனைக்கும் கல்யாணம் என்ற ஒன்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

ரேஷன் கடையில் சர்க்கரைக்கு நின்றேன். என் முறை வந்ததும் அட்டையை நீட்டி மெதுவாகச் சொன்னேன். எடை போடுபவர் என் தலைக்கு மேலாகப் பார்த்துப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிப் போன பிறகு, "நீ இன்னாபா வேடிக்கை பாக்க வந்தியா?" என்றார்.

மார்கழி பிறந்தது. எங்கள் தெரு பஜனையில் வருஷா வருஷம் முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பவன் நான்தான். பாட்டு, பேச்சில் சேருமா சேராதா என்று எனக்குச் சந்தேகம். அக்காவிடம் கேட்டேன். "எதுக்கு வம்பு, சேத்துக்கோ" என்றாள். அவளுக்கென்ன? பஜனைக் குழுவை நடத்திய பெரியவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் ஜால்ராவை நிறுத்திவிட்டார்.

"முருகனக் கூப்புடுன்னா அவரு காதுல ரகசியம் சொல்லிக்கினு இருக்கியேபா. பின்னால போய் நில்லு."

போய் நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாமியைப் பாடுவதற்காகவே அந்த மாதத்துக்குக் காத்திருக்கிறவன் நான். முருகனுக்கென்று செய்த வேண்டுதல் முருகன் பாட்டிலிருந்தே என்னைப் பின்னுக்குத் தள்ளியது.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது புத்திமதி. செய்யாற்று இடம் தட்டிப்போன விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும், கல்யாணமான ஒவ்வொருவரும் எனக்கு வாத்தியார் ஆனார்கள். ஒருவர் வெற்றிலையைக் குறைக்கச் சொன்னார். ஒருவர் மீசையைக் குறைக்கச் சொன்னார். தினம் விடியும்போது பெண்டாட்டியோடு மல்லுக்கு நின்று, பாத்திரம் உருளும் சத்தத்தில் தெருவையே எழுப்பிவிடுகிற ஒருவர், டீக்கடையில் என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"குடும்பம்னா நிதானம் வேணும் தம்பி. பொறுமை. என்னப் பாரு."

பார்த்தேன். வேறென்ன செய்வது?

இந்தச் சமயத்தில்தான் தரகர் சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் இடம் கொண்டுவந்தார். பெண்ணின் தகப்பனார் மளிகைக் கடைக்காரர். அமைதியான குடும்பம். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, முருகன் கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. அந்த வாரம் குழியை விட்டு ஏறி இறங்குவதுகூட அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை.

அந்த வாரமே எதிர்வீட்டுக்காரர் பாவு போட்டார்.

பட்டு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். ஒரு பாவு என்றால் சில புடவைகளுக்கான நூல். விடியற்காலையில், நடமாட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். எதிர்வீட்டுக்காரரும் அவருடைய மனைவியும் கோடியில் எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்துச் சந்திலிருந்து பால்காரரின் மாடு தானாக நடந்து வந்தது. நேராகப் பாவைப் பார்த்து வந்தது.

"ஏய், மாடு" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். தெருவே திரும்பியிருக்கும். அந்தக் குரல் தொண்டைவரை வந்தது. கற்பூரமும் சந்நிதியும் கண்முன் நின்றன. விழுங்கிவிட்டேன். விழுங்கிவிட்டு, வாயில் பல்பொடி நுரையோடு, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு மாட்டை நோக்கி ஓடினேன். அதுவரை சாதுவாக வந்த மாடு என்னைப் பார்த்து மிரண்டு, பாவுக்குள்ளேயே புகுந்து ஓடியது.

எதிர்வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி உட்காரவில்லை.

"வாயில இன்னா கொழக்கட்டையா வச்சிருந்த? மாடு வருதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நேத்துவரைக்கும் ஊரையே தூக்கற மாதிரி கத்திக்கினு இருந்தவன்தானே?"

"வேண்டுதல்" என்றேன்.

"இன்னா?"

"வேண்டுதல்."

"எங்க பாவு போவணும்னா வேண்டிக்கின?"

அவர்கள் திட்டியதில் தப்பே இல்லை. அன்றும் மறுநாளும் என் தறியில் உட்காராமல் அவர்களோடு உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிந்து கொடுத்தேன். அந்த நேரம் முழுக்க அந்த அம்மாள் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். முகமே சரியில்லை.

"சின்ன காஞ்சிபுரத்துல யோசிக்கறாங்க. டீக்கடையில விசாரிச்சிருக்காங்க. மாடு பாவுல ஏறிச்சாம், தம்பி சத்தமே போடலியாம். பேச்சு வராத பையன ஏமாத்திக் கட்டி வைக்கப் பாக்கறீங்களான்னு என்னக் கேக்கறாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். முன்னால் கத்துகிறேன் என்று ஓர் இடம் போனது. இப்போது ஊமை என்று ஓர் இடம் போகப் பார்க்கிறது. நடுவில் எந்த அளவுக் குரலில் பேசினால் இந்த ஊரில் பெண் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

"போய் ஒரு தடவ கத்திக் காமிச்சுட்டு வந்துடு" என்றாள் அக்கா.

"நீதானே வேண்டிக்கச் சொன்ன? மாட்டேன். அவர் கிட்ட சொன்னது சொன்னதுதான். பொண்ணு கெடைக்கலன்னா போவட்டும்."

போகட்டும் என்று சொல்லிவிட்டேனே தவிர, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தரகர் எப்படியோ பேசி, ஒரு தடவை நேரில் பார்த்துவிட அவர்களைச் சம்மதிக்க வைத்தார். வீட்டில் வேண்டாம், தறிச் சத்தம் கேட்கும், கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா புத்திசாலித்தனமாக ஏற்பாடு செய்தாள். குமரக்கோட்டம், கிருத்திகை. கிருத்திகையன்று கோயிலில் மேளம் வாசிப்பார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

பிராகாரத்தில் நின்றோம். அந்தப் பக்கம் பெண், அவள் தகப்பனார், அத்தை. இந்தப் பக்கம் நான், தாயார், அக்கா. பத்தடி தள்ளி நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. மளிகைக் கடைக்காரர் என்னை நெருங்கி, எந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் காதில் விழவில்லை. "இன்னா சொல்றாரு அவரு?" என்று தாயார் என் சட்டையை இழுத்தாள். குனிந்து அவள் காதருகே கையைக் குவித்து, அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். அவர் இன்னொன்று கேட்டார். மறுபடி தாயார் இழுத்தாள், மறுபடி குனிந்தேன். மாதக்கணக்கில் பழகிப் போனதால் எனக்கு அது ஒன்றும் புதிதாக இல்லை.

கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. சத்தமா நாலு வார்த்த பேசுங்க. எங்க மனசுக்கு ஒரு திருப்தி."

முடியாது என்றும், சந்நிதியில் செய்த வேண்டுதல் இன்னது என்றும் சொன்னேன். சாமிக்கு எதிரிலேயே நின்றுகொண்டு வேறென்ன சொல்ல முடியும்? தவில் அதையும் விழுங்கியது. அவர் உதட்டைப் பிதுக்கித் தன் தங்கையைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அக்கா கண்ணைத் துடைத்தாள்.

அப்போது அந்தப் பெண் தலை நிமிராமலே சொன்னாள்:

"வேண்டுதலாம்பா. நிச்சயம் ஆவறவரைக்கும் சத்தமாப் பேச மாட்டாராம்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்குக் கேக்குதே."

அவர் ஒரு கணம் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்போ நிச்சயம் பண்ணாதான் மாப்பிள்ள கொரலயே கேக்க முடியும்னு சொல்லுங்க."

தை பிறந்து முதல் முகூர்த்தத்தில் அவர்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். மளிகைக் கடைக்காரர் வீடு என்பதால் கூடம் முழுக்கப் பெருங்காய வாசனை. தறி இல்லாத வீடு; அந்த அமைதியே எனக்குப் புதிதாக இருந்தது. தட்டு மாற்றி முடிந்ததும் முருகனை நினைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். வேண்டுதல் தீர்ந்தது. என் தாயார் பெண்களோடு கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். நடப்பது அவளுக்குத் தெரிய வேண்டாமா? மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த குரலை முழுசாக எடுத்தேன்.

"அம்மா, நிச்சயம் ஆயிடுச்சும்மா."

கூடமே அதிர்ந்து திரும்பியது. கடைக்காரர் தன் காதைத் தடவிக்கொண்டார். என் தாயார் முகத்தைச் சுளித்தாள்.

"ஏன்டா இப்படிக் கத்தற? கிட்ட வந்து சொன்னா எனக்குக் கேக்காதா?"

தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து அவளிடம் போனேன்.