பாதி சீலிங்குக்கு வந்த லோயர் கடிதம்

தையல் கடை நடத்தும் உங்களுக்குத் தெரியாததா? நாள் முழுக்க அடுத்த வீட்டுக் கதைகளைக் கேட்கும் தொழில் நம்முடையது. நம் கதையைத் தொடங்கினால் வந்தவருக்கு நேரமாகிவிடும்.

கம்பளை டவுனில், ரயில் ஸ்டேஷன் பக்கம் மாடியில் என் கடை. சீலிங் வேலையைக் கொந்தராத்து எடுத்த முஸ்லிம் நானா முன்பக்கம் மட்டும் அடித்தார். நான் மெஷின் போட்டிருக்கும் பின்பக்கத்தைத் தகரம் தெரிய அப்படியே விட்டுப் போனார். பில் முழு அறைக்கும் வந்தது. முன்பணம் போக மீதியை நான் கொடுக்கவில்லை. நான் எத்தனை தரம் அவருக்குப் போன் எடுத்தும் அவர் பேசவில்லை. கடைசியில் அவருடைய லோயர் பேசினார்.

கையைத் தூக்கி வாசித்த டீச்சர்

கடிதம் சிங்களத்தில் இருந்தது. பஸ்ஸில் சமாளிக்கும் சிங்களம் எனக்கு உண்டு. லோயர் எழுதும் சிங்களம் இல்லை. சாரி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த டீச்சரிடம் நீட்டினேன். நான் அளவெடுக்க, அவர் இரண்டு கையையும் தூக்கிக் கடிதத்தைத் தலைக்கு மேலே பிடித்து வாசித்தார். பதினான்கு நாளைக்குள் பாக்கி முழுவதையும் கட்டாவிட்டால் வழக்கு. என் கையிலிருந்த டேப் நழுவிவிட்டது. டீச்சர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "பயப்படாதீங்க அக்கா, உங்க பேருக்குப் பின்னால 'மஹத்மிய', அதாவது அம்மணின்னு ரொம்ப மரியாதையா போட்டிருக்காங்க."

கட்டாரிலிருந்து ஒரு யோசனை

என் வீட்டுக்காரர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் சாப்பிடும் நேரம் பார்த்துப் போன் எடுத்தேன். கேட்டதைக் கொடுத்துவிடச் சொன்னார். "போடாத சீலிங்குக்கு எதுக்குங்க கொடுக்கணும்?" என்றேன். மூன்று வருஷமாக அவர் பார்க்காத கடை. சீலிங் எங்கே முடிகிறது என்று போனில் புரியவைக்க முடியவில்லை. "சரி சரி, டியூட்டிக்கு நேரமாச்சு. நீ எதுக்கும் பாத்து செய்."

கல்யாணத் துணி

பார்த்துத்தான் செய்தேன். ஸ்டூலில் ஏறித் தையல் டேப்பாலேயே அளந்தேன், படம் எடுத்தேன். செய்த வேலை இது, செய்யாதது இது, செய்ததற்குக் கொடுக்கத் தயார், வந்து அளந்து பாருங்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஜாக்கெட் மாட்டும் பொம்மைக்கு வாசித்துவிட்டு, கெடு முடியுமுன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அதற்குள் கதை ஊருக்குள் போய்விட்டது. மகளின் கல்யாணத்துக்கு எட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த ஓர் அம்மா வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், வெட்டாத துணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் போட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. கல்யாணத் துணி, கேஸு உள்ள எடத்துல வைக்க மனசு வரல்ல."

சின்னப் பிள்ளைகளின் கதிரையில்

கோர்ட்டுக்குப் போகுமுன் மத்தியஸ்த சபை கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. முழங்கால் இடிக்கும் குட்டைக் கதிரையில் உட்கார்ந்து நானும், எதிரே நானாவும் அவர் பக்கம் இரண்டு பேரும். சபைத் தலைவர் என் படங்களை அவரிடம் கொடுத்தார். பார்த்ததும் நானா, முதல் எஸ்டிமேட்டை வைத்தே பில் எழுதியதாகவும், பின்பக்கம் விட்டுப்போனதை மறந்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். செய்த வேலைக்கு மட்டும் என்று தீர்ந்தது. நானாவும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

வெளியே மழை. நான் குடையை விரிக்கும்போது நானா பக்கத்தில் வந்து, சங்கடமாகக் கேட்டார்: "தங்கச்சி, நான் சாட்சிக்கி ரெண்டு பேரக் கூட்டிக்கொண்டு வந்த. ஒங்களுக்கு ஒருத்தரும் இல்லியா?"

கம்பளையில் பாதிப் பெண்களின் இடுப்பளவு மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்கூட வரச் சொல்லிக் கேட்க ஒருத்தியின் பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை.