கோட்டுப் போடாமல் எடுத்த படம்

ஒன்பது வயதில் நான் பனிச்சறுக்கில் பெரிய கெட்டிக்காரி. மலையை இன்னும் கண்ணால் கண்டிருக்கவில்லை என்பது மட்டுந்தான் ஒரு சின்னக் குறை.

பாரிசில் லா சப்பலில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம். பெப்ரவரி விடுமுறைக்கு முன், எதிர் மேசைக்காரி தான் ஆல்ப்ஸ் மலைக்குப் போவதாகச் சொன்னாள். என் வாய் சும்மா இருக்குமா? நானும் போகிறேன், என் சித்தப்பா அங்கே பெரிய ஹோட்டலில் இருக்கிறார், ஸ்கீ எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றேன். சித்தப்பா ஹோட்டலில் இருந்தது உண்மைதான். அடுக்களையில், கோப்பை கழுவிக்கொண்டு. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: சறுக்குகிற மாதிரி ஒரு படம்.

அந்த விடுமுறையில் சித்தப்பாவுக்கும் ஒரு படம் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்த சித்தி வருவதற்குப் பத்திரங்கள் எல்லாம் சரியாகியிருந்தன. ஆள்தான் அசையவில்லை. “ஐஸ் பெட்டிக்குள்ளை குடும்பம் நடத்த என்னாலை ஏலாது” என்று எழுதியிருந்தார். “இஞ்சை குளிரே இல்லை, எனக்கு வேர்க்குது” என்று சித்தப்பா பதிலுக்குமேல் பதில் போட்டார். சித்தி நம்பவில்லை. கடைசியில் சித்தப்பா ஒரு திட்டத்தோடு அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். நாங்கள் எல்லோரும் மலைக்குப் போகவேண்டும். பனிக்கு நடுவில், கோட்டுப் போடாமல், சிரித்த முகமாய் நிற்கவேண்டும். அந்தப் படம் சித்திக்குப் போகும். அம்மாவுக்குப் பட்டுச்சேலை கட்டாயம்.

“உங்கடை தம்பிக்கு விசர்” என்றார் அம்மா. என்றாலும், பட்டுச்சேலை பெட்டியில் முதல் ஆளாக ஏறிப் படுத்துக்கொண்டது.

பக்கத்து அறைக்காரரிடம் அப்பா கமரா இரவல் வாங்கினார். பிலிம் ரோலில் இருபத்துநான்கு படங்கள். ரயிலோடு இரண்டு, ரயிலின் கதவோடு ஒன்று, யாரோ ஒருவருடைய சிவப்புக் காரில் சாய்ந்தபடி நான்கு என்று அப்பா வழியெல்லாம் வாரி வழங்கினார். மலையூருக்குப் போய்ச் சேர்ந்தபோது மிச்சம் ஒன்றே ஒன்று. அங்கிருந்த ஒரே கடையில் ரோல் முடிந்திருந்தது.

ஒரு படம். கேட்பவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி நான்.

சித்தப்பா எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போகவில்லை. “குப்பையாக் கிடக்கு அண்ணி” என்று சொல்லி, அந்த ஊரின் குட்டி சினிமாத் தியேட்டருக்கு மேலிருந்த அறையில் தங்கவைத்தார். தியேட்டரில் டிக்கெட் கிழிப்பது, படம் ஓட்டுவது, பெருக்குவது எல்லாம் ஒரே பெண்மணி. சித்தப்பா அவரை ‘மதாம்’ என்பார். மதாம் சித்தப்பாவைக் கண்டதும் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அம்மா கூரையைப் பார்த்தார்.

முதல் நாள் பின்னேரம் அங்கே சினிமா. மொத்தமே நாற்பது இருக்கைகள். நான் முன்வரிசைக்கு ஓடினேன். சித்தப்பா என்னைப் பிடித்திழுத்து வந்து, கடைசி வரிசை மூலையில், தன் பக்கத்தில் இருத்தினார். எனக்கு நேர் முன்னால் ஒரு தூண். கதாநாயகனின் இடது பாதியை மட்டுமே பார்க்க முடிந்தது.

“சித்தப்பா, இஞ்சையிருந்து ஒண்டும் தெரியேல்லை!”

“இதுதான் நல்ல சீற் பிள்ளை. பேசாமல் இரு.”

நான் தூணைக் காட்டிக் காட்டிச் சண்டை பிடித்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றினார், சுவரோரம் ஓடிய தடித்த இரும்புக் குழாயில் இரண்டு காலையும் வைத்தார், பெயர் ஓடி முடிவதற்குள் குறட்டை விடத் தொடங்கினார். விளக்குப் போட்டதும் மதாம் வந்து தட்டி எழுப்பினார். இவர் இந்தப் படத்துக்கு வருவது இது நாலாவது தடவை என்று மதாம் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அப்பா தம்பியை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“நல்ல படம் அண்ணை” என்றார் சித்தப்பா.

“முடிவிலை அந்த ஆள் சாகிறானா, இருக்கிறானா?” என்று நான் கேட்டேன். சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. நாலு தடவை வந்தும் முடிவு தெரியாத ஒரு மனிதரை நான் அன்றுதான் கண்டேன். படுக்கப் போகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் காலை, ஹோட்டல் நிலவறையில் யாரோ விட்டுப்போன சின்ன ஸ்கீ ஒரு சோடியைச் சித்தப்பா கொண்டுவந்தார். மாட்டுகிற பூட்டு உடைந்திருந்தது. அடுக்களையில் இறைச்சி கட்டும் நூலை எடுத்து என் சப்பாத்தோடு சேர்த்து வரிந்து கட்டினார். அடுப்பில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

“முதல்லை படம். அதுக்குப் பிறகு நீ எவ்வளவும் சறுக்கு” என்றார்.

படத்துக்குப் பிறகு சறுக்கி எனக்கு என்ன லாபம்? சும்மா நிற்கிற படத்தைக் காட்டினால் எதிர் மேசைக்காரி சிரிப்பாள். சித்தப்பா தருவதாகச் சொன்ன ஸ்கீயை நினைத்து முந்தின இரவெல்லாம் புரண்டு நான் கண்டுபிடித்த வழி இதுதான்: எல்லோரும் நிற்கட்டும், மதாம் மூன்று எண்ணட்டும், மூன்றாவது எண்ணுக்கு நான் மேலிருந்து சறுக்கி வந்து நடுவில் நிற்பேன். சித்திக்கும் படம், எனக்கும் படம். எப்படிப் புறப்படுவது, எப்படி நிறுத்துவது என்ற இரண்டு சில்லறை விஷயங்கள் மட்டும் தெரியாது.

தியேட்டருக்குப் பின்னால் சின்னப்பிள்ளைகள் சறுக்கும் சரிவு. அம்மா கோட்டைக் கழற்றிவிட்டுச் சேலைக் கொய்யக மடிப்பைச் சரி பார்த்தார். அப்பா கோட்டைக் கழற்றினார். சித்தப்பா கோட்டை மட்டுமில்லாமல் கம்பளிச் சட்டையையும் கழற்றி, வெள்ளைச் சேட்டோடு நின்றார். கமராவைப் பிடித்திருந்த மதாம் கத்தினார்.

“என்னவாம்?” என்றார் அம்மா, பல் கிட்டியபடி.

“சேலை நல்ல வடிவாம்” என்றேன். உங்களுக்கெல்லாம் பைத்தியமா என்றுதான் மதாம் கேட்டிருந்தார்.

“எல்லாரும் சிரியுங்கோ! வேர்க்கிற மாதிரி நில்லுங்கோ!” என்றார் சித்தப்பா. “பிள்ளை எங்கை?”

பிள்ளை ஏற்கெனவே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறிச் சரிவின் பாதியில் நின்றது. மதாம் எண்ணத் தொடங்கினார். இரண்டுக்கே நான் புறப்பட்டுவிட்டேன். நானாகப் புறப்படவில்லை, ஸ்கீ புறப்பட்டது. அம்மாவின் பட்டுச்சேலை பெரிதாகிக்கொண்டே வந்ததும், “ஐயோ, எருமை!” என்ற குரலும் ஞாபகம். அப்புறம் வாயெல்லாம் பனி.

கமரா கிளிக் என்றது. ரோல் தானாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

“இவளின்ரை காலை நானே முறிச்சுப்போட்டுத்தான் பாரிசுக்குக் கூட்டிக்கொண்டு போவன்” என்றார் அம்மா. பொம்பிளைப் பிள்ளைக்குரிய அடக்கம் பற்றியும் பனிக்குள் இருந்தபடியே கொஞ்சம் சொன்னார். சித்தப்பா மட்டும் கமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து நூலை அவிழ்க்க முயன்றார். விரல்கள் முடிச்சைப் பிடிக்கவில்லை. கோபத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். சித்தி இனி வரமாட்டார், அதற்கு நான்தான் காரணம் என்று ரயிலில் மூக்குச் சிந்தினேன்.

கழுவி வந்த படத்தில் அப்பா ஒரு தோள். அம்மா ஒரு முந்தானை. நான் வானத்தைப் பார்த்த இரண்டு ஸ்கீ. ஒழுங்காகப் பதிந்திருந்தவர் நடுவிலிருந்த சித்தப்பா மட்டுந்தான். அனுப்பத்தான் வேண்டுமா என்று அப்பா தொலைபேசியில் கேட்டார். “வேறை என்னத்தை அனுப்புறது? அதையே அனுப்புங்கோ அண்ணை” என்றார் சித்தப்பா. பள்ளிக்கூடத்தில் அந்த இரண்டு ஸ்கீயும் என்னுடையவை என்று ஒருவரும் நம்பவில்லை.

வைகாசியில் சித்தி வந்து இறங்கினார்.

அன்று முதல் அது என் சாதனையானது. நான் விழுந்த விழுகையைப் பார்த்துச் சிரித்துத்தான் சித்தி புறப்பட்டு வந்தார் என்று போகிற கலியாண வீடெல்லாம் சொன்னேன். இருபது வருடம் சொன்னேன். பிறகு ஒரு ஞாயிறு, பாரிசுக்கு வெளியே சார்செலில் அவர்களுடைய வீட்டில், பத்தாவது மாடியில், அதே கதையை அளந்துகொண்டிருந்தபோது சித்தி எழுந்துபோய் ஆல்பத்தை எடுத்து வந்தார்.

“நீ விழுந்ததை ஆர் பாத்தது? இந்தாளைப் பார்.”

பார்த்தேன். கமரா இருப்பதையே மறந்துபோன சித்தப்பாவின் முகம். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கைகள் கக்கத்துக்குள். உதடு கறுத்திருந்தது.

“வேர்க்குது எண்டு எழுதின மனுசன். இதைப் பாத்த பிறகு என்னெண்டு தனிய விடுறது? அடுத்த கிழமையே ரிக்கற் போடச் சொல்லி எழுதினன். அங்கை அவரின்ரை அறையிலை சூடாக்கிற ஒண்டும் இல்லையெண்டு வந்த பிறகுதான் சொன்னவர்.”

சித்தப்பா யன்னலோரம் கதிரையை இழுத்துப்போட்டு, சூடேற்றியின் மேல் இரண்டு காலையும் வைத்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குட்டித் தியேட்டரில் நான் சண்டை பிடித்ததெல்லாம் தூணோடுதான். அந்த இரும்புக் குழாய் சுடுகிறதா என்று ஒருமுறை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.