ஏழு ஃபோல்டர் ஆழம்

என் அக்கா புருஷனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. இழவு வீட்டுக்குப் போனால்கூட அங்கே மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அக்காவுக்கு வந்திருப்பது நரம்பு நோய், கையும் காலும் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்ன அன்றும் அப்படித்தான். நானும் அக்காவும் காரில் ஏறி உட்கார்ந்தோம். மாமா வண்டியைக் கிளப்பாமல் கேட்டார்.

"மவுஸ் பிடிக்கக் கஷ்டமா இருக்குன்னு சொன்னியே, எந்த விரல்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போயிருப்பேன். அக்கா என் முழங்காலைப் பிடித்து உட்கார வைத்தாள். பிடியில் பலமே இல்லை.

அக்கா ஒரு லிஃப்ட் கம்பெனியில் வரைபடப் பிரிவு. வீட்டிலிருந்தே வேலை. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால், மெக்கானிக் அங்கிருந்து செய்தி அனுப்புவான்: எட்டாவது மாடிக் கதவின் படம் வேண்டும், உடனே. அவள் தேடி, சரிபார்த்து அனுப்ப வேண்டும். லேசில் கிடைக்காது. நகரம், பகுதி, தெரு, கட்டடம், லிஃப்ட், வருடம், திருத்தம் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஏழு ஆழம். எந்தப் புண்ணியவான் அடுக்கினானோ. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளிக். அக்காவின் ஆள்காட்டி விரல் முதலில் மறுத்தது அந்த இரண்டாவது கிளிக்கைத்தான்.

மாமா ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு ப்ரோகிராம் எழுதுகிறவர். ஒரு வாரம் லீவு போட்டு, தாடியைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து அக்காவுக்கு ஒன்றை எழுதினார். கட்டடத்தின் பெயரில் ஏதாவது மூன்று எழுத்தைத் தட்டினால் திரையின் உச்சியில் ஒரு கறுப்புப் பட்டை வரும். அதில் அந்தக் கட்டடம் நிற்கும். என்டரைத் தட்டினால் நேராக ஏழாவது ஃபோல்டர். அடிக்கடி போகும் இடம் எதுவோ, அதைத் தானாகவே முதலில் காட்டும்.

முதல்முறை அப்படி நேராக ஏழாவது ஃபோல்டருக்குள் குதித்தபோது அக்கா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். "இத முன்னாடியே பண்ணியிருந்தா நான் எத்தன நாள் சீக்கிரம் சாப்பிட்டிருப்பேன்!"

"நீ கேக்கலியே" என்றார் மாமா. அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

நோய் ஒரு அடி முன்னால் வைத்தால் மாமா கீபோர்டில் அவள் தட்ட வேண்டிய ஒரு விசையைக் குறைப்பார். மூன்று எழுத்து இரண்டானது. பிறகு என்டர் போயிற்று. எழுத்துகளைத் தேடி விரல் நகர முடியாதபோது எல்லாம் இரண்டே விசையில் வந்து நின்றது: ஒன்று அடுத்த கட்டடத்துக்கு, மற்றது உள்ளே. தொட்டாலே அழுந்தி, டக்கென்று பெரிதாகச் சத்தம் போடும் கீபோர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். அவளுக்கு ஊட்டிவிடவும் குளிப்பாட்டவும் நானும் என் மனைவியும் முறை வைத்துப் போய்வந்தோம். மாமா அலுவலகத்தில் சொல்லி வீட்டிலேயே வேலையை வைத்துக்கொண்டார். காலையில் அவர் சமையல்கட்டில் நிற்பார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டக், டக் என்று வந்துகொண்டே இருக்கும்.

மத்தியானம் தட்டோடு உள்ளே போய்க் கேட்பார். "இன்னிக்கு எத்தன படம்?"

"பதினொண்ணு."

"பரவாயில்லையே!" அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என்னைக் கூப்பிட்டுப் பெருமையடிப்பார். "நேத்து நூத்தி நாப்பது தடவ குதிச்சிருக்கா, மாப்ளே. கை நல்லா இருந்தப்பகூட இவ்வளவு போனதில்ல. அவ இன்னும் விட்டுக்கொடுக்கல." நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு விசையை ஒன்றாக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. எந்தக் கட்டடங்களை முன்னால் வைக்கலாம் என்று பார்க்க மாமா அந்த ப்ரோகிராம் எழுதிவைத்திருக்கும் பதிவைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். வரிவரியாக நேரம், போன ஃபோல்டர், அங்கே திறந்த கோப்பு. முதல் இரண்டு பத்திகளை மட்டும் கூட்டிப் பார்த்துத்தான் மனிதர் இத்தனை நாளும் மகிழ்ந்திருக்கிறார். மூன்றாவது பத்தி காலியாக இருந்தது.

மேலே தள்ளினார். காலி. இன்னும் மேலே. காலி. ஒரு கட்டடத்துக்குள் போயிருக்கிறாள், எதையும் தொடாமல் வந்திருக்கிறாள், அடுத்ததற்குப் போயிருக்கிறாள். ஐம்பத்து மூன்று நாட்கள். அவளுடைய மின்னஞ்சலைத் திறந்தார். ஐம்பத்து மூன்று நாளைக்கு முன்னால் கம்பெனியிலிருந்து மரியாதையாக ஒரு கடிதம்: உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம்.

"அவகிட்ட கேளுங்க மாமா" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? எனக்காகத்தான் தட்டுறியான்னா?" அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கை ஓடும், மாப்ளே. அது அவளுக்குத் தெரியும்."

பிறகு, நம்ப மாட்டீர்கள், இரண்டு விசையை ஒன்றாக்கும் வேலையைத் தொடங்கினார். எனக்குத் தாங்கவில்லை. "உங்களுக்கென்ன பைத்தியமா? எங்க போறதுக்கு இதெல்லாம்?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாத. ரெண்டு கீ அவளால முடியல" என்றார்.

மறுநாள் மத்தியானம் தட்டோடு போய்க் கேட்டார். ஒன்பது என்றாள் அக்கா. பரவாயில்லையே என்றார். கூடத்தில் நின்ற எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றியது. இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள், என்னால் யாரையும் தடுக்க முடியவில்லை. இதில் நல்லது எதுவும் வரப்போவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மாதம் போயிற்று. புதன்கிழமை காலை நான் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் விரலை விசையின் மேல் எடுத்து வைத்துவிட்டு வந்தேன். மாமா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு டக். நெடுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு ஒன்றும் இல்லை.

மாமா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். வெங்காயம் கருகியது. அடுப்பை அணைக்காமலே உள்ளே போனார். நான் அணைத்துவிட்டு அறை வாசலில் போய் நின்றேன்.

அக்காவின் விரல் விசையின் மேலேயே இருந்தது. அது எழவும் இல்லை, அழுத்தவும் இல்லை. மாமா அந்தக் கையை எடுத்து அவள் மடியில் வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஒற்றை விசையைத் தட்டினார். ஒரு கட்டடம் வந்தது. எதையும் திறக்கவில்லை. மறுபடி தட்டினார், அடுத்த கட்டடம். மறுபடியும்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியது. துடைக்க அவளுக்குக் கையில்லை. மாமா ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துவிட்டார்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றாள். நாக்கு குழறியது.

"போன மாசம்."

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"இன்னிக்கு... எத்தன?"

"பதினொண்ணு" என்றார் மாமா.