பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டன்கள்

அண்ணன் அடித்த அடியில் என் உதடு கிழிந்தது. அவனுடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு அமுக்கும் ஒரு பிரஸ்ஸுக்குள் போய்விட்டன. மூன்று விரல் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அழகா வெச்சிருக்கேன்னியே! பாருடா உன் அழக!"

லேப்டாப்பைச் சுவரில் அடிக்கப் போனான். இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இருவரும் கட்டிலுக்கடியில் உருண்டோம். எதிர் அறைக்காரர் கதவை இடித்து, "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் என்ன ஆயிற்றெனக் கேட்டார். "ஏனில்லா சார், ஒண்ணுமில்ல" என்று அண்ணன் என் கழுத்தை நெரித்தபடியே மரியாதையாகப் பதில் சொன்னான்.

விரல் போன பிறகும் அவனைப் பிரஸ்ஸிலேயே நிறுத்தியிருந்தார்கள். அடித்த பாகங்களின் அளவு சரிபார்க்கும் குவாலிட்டி ரூமுக்கு மாற்றக் கேட்டான். "ஒம்பதாவதோட நின்னவனுக்கு அங்க என்ன வேல? ஒரு வாரத்து அளவுக்கெல்லாம் கணக்குப் போட்டுத் திங்கக்கிழம காட்டு, பாக்கலாம்" என்றார் இன்ஜினியர்.

அஞ்செட்டிப் பக்கத்து எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் மட்டும்தான். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஓர் இலவசக் கணித மென்பொருளில், திரையைச் சீர்செய்கிறவர்களில் நானும் ஒருவன். 'கணக்கிடு', 'எல்லாம் அழி' என்ற பட்டன்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. அழகாக இருக்கட்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்ட என் முதல் திருத்தம் அது. ஞாயிறு காலையிலிருந்து அதே மென்பொருளில் அளவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி முடித்த அண்ணன், கணக்கிடப் போய் அழித்துவிட்டான்.

மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தோம். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, "நெஜமா அழிக்கட்டுமான்னு ஒரு கேள்வி கேக்க வெச்சிடறேண்ணா" என்றேன்.

"கேட்டா? பாக்காமயே ஆமான்னு அமுத்துவேன். பிரஸ்ஸுல ரெண்டு கையாலயும் அமுத்தினாத்தான் எறங்கும்னு ரெண்டு பட்டன் வெச்சிருந்தான். டார்கெட் முடியணும்னு நாங்க ஒண்ணுல மரக்கட்டயச் செருகிட்டு ஒத்தக் கையில ஓட்டுனோம். போனது திரும்ப வரணும்டா. அதப் பண்ணு."

இரண்டு பட்டன்களையும் பழையபடி மூலைக்கு மூலை பிரித்தேன். அழித்ததை மீட்க மூன்றாவதாக ஒரு பட்டன் எழுதினேன். அளவுகளை எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்து அவன் மறுபடி தட்டினான். பாதியில் வேண்டுமென்றே 'எல்லாம் அழி'யைக் குத்தினான். திரை வெறுமையானது. மூன்றாவதை அமுக்கினான். வரவில்லையென்றால் என்னைக் கொன்றிருப்பான். வந்தது. மறுபடி குத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு, லேப்டாப் உடைந்துவிடும் போலக் குத்திக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் எல்லா எண்களும் திரும்பி வந்தன.

திங்களன்று என் திருத்தத்தைப் பார்த்த முகம் தெரியாத ஒருவர், நடுவில் ஏன் இவ்வளவு இடைவெளி, அசிங்கமாக இருக்கிறதே என்று கேட்டு எழுதினார். மரக்கட்டையைப் பற்றியும் இரண்டு விரல்களைப் பற்றியும் எழுதினேன். பதில் வருவதற்குள் ஷிப்ட் முடிந்து அண்ணன் வந்தான். சட்டையில் வழக்கமான பிரஸ் எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"உதட்டுக்கு மருந்து போட்டியாடா?" என்றான்.